பழைய பேய்ப் படத்தில் சிரிப்புதான் வருகிறது என்பவருக்கு

திருமங்கலத்திலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். பழைய டிராகுலா, பிராங்கன்ஸ்டைன் படங்கள் அடங்கிய டிவிடி தொகுப்பு ஒன்றை ஆசையாக வாங்கி, மைத்துனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாராம். பயம் துளிகூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது என்கிறார். உலகமே கொண்டாடும் படங்கள் என்று சொல்லப்படுபவை இப்படி இருந்தால், கோளாறு எங்கள் ரசனையிலா, அல்லது இவற்றை வீட்டில் பார்த்து ரசிக்கவே முடியாதா என்பது அவருடைய கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பேய்ப் படத்தைப் பார்த்துச் சிரிப்பது தவறா என்பது ஒன்று. சிரிப்பு மட்டுமே வந்ததற்குக் காரணம் படமா, பிரதியா, டிவியா, அறையா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை எளிது. சிரிப்பது தவறே இல்லை. இவற்றில் சில படங்கள் நீங்கள் சிரிக்க வேண்டும் என்றே எடுக்கப்பட்டவை. இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குற்றத்தின் பெரும்பங்கு படத்தின் மேல் இல்லை என்பது என் துணிபு.

பதிலை எடைபோட உதவும் என்பதால் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தேன்; கடையின் பின்கட்டில் டெக்கும் டிவியும் பழுதுபார்த்தேன். கேசட் போய் விசிடி வந்து, விசிடி போய் டிவிடி வந்து, கடைசியில் கடையே போன பிறகு, வீடுகளில் கிடக்கும் பழைய கல்யாண கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்கிறேன். ஆகவே ஒளி, நிறம், ஒலி, பிரதியின் தரம் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். திரைப்படக் கல்லூரியில் படித்தவன் அல்லன். எந்தப் படம் உயர்ந்தது என்று நான் சொல்லும் இடங்களெல்லாம் ஒரு ரசிகனின் தீர்ப்பு மட்டுமே.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். இந்த வகைப் படங்களின் மூலப்பொருள் இருட்டு. 1920-இல் ஜெர்மனியில் ராபர்ட் வீனே இயக்கிய 'டாக்டர் கலிகாரி'யில் நிழல்களையே சுவரிலும் தரையிலும் வர்ணம் கொண்டு தீட்டி வைத்தார்கள். அந்த நாட்டு ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான கார்ல் பிராயண்ட் அமெரிக்காவுக்குப் போய், 1931-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் 'டிராகுலா'வை ஒளிப்பதிவு செய்தார். அதில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் முகம் அருகில் காட்டப்படும் இடங்களில் முகத்தை மங்கலாக விட்டுவிட்டு, இரண்டு கண்களின் மேல் மட்டும் மெல்லிய ஒளிக்கற்றைகளை விழச் செய்திருப்பார்கள். நல்ல பிரதியில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், முகம் பின்வாங்கிக் கண்கள் மட்டும் முன்னால் வந்து நிற்கும். தேய்ந்த பிரதியில், டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால், கண்ணில் விழுந்த ஒளிக்கும் கன்னத்தின் மங்கலுக்கும் இருந்த வேறுபாடு அழிந்துபோய், எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய ஒரு நடுத்தர வயதுக்காரர் காரணமில்லாமல் நம்மை முறைத்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துச் சிரிக்காமல் யாரால் இருக்க முடியும்? இருட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது வசனமும் நடிப்பும். அந்த நடிப்பு மேடையிலிருந்து வந்தது. மேடை நடிப்பை வரவேற்பறையில் பளிச்சென்று பார்த்தால் மிகையாகத்தான் தெரியும்.

மேடை என்று சொன்னது பேச்சுக்காக அன்று. 1931-ஆம் ஆண்டு 'டிராகுலா' நேரடியாக நாவலிலிருந்து எடுக்கப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் ஹாமில்டன் டீன், ஜான் பால்டர்ஸ்டன் ஆகியோர் எழுதிய மேடை நாடகத்தைத் தழுவியது, லுகோசியே 1927-இல் பிராட்வே மேடையில் அந்த வேடத்தில் நடித்தவர்தான். முதல் இருபது நிமிடம், கோட்டையில் நடப்பது, இன்றைக்கும் அசைக்க முடியாதது. கதை லண்டனுக்கு வந்த பிறகு ஆட்கள் ஓர் அறையில் நின்றபடி பேசிக்கொண்டே இருப்பார்கள். மேலும் அந்தப் படத்துக்குப் பின்னணி இசை கிடையாது. தலைப்பு ஓடும்போது சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' கொஞ்சம் வரும், கச்சேரி அரங்கக் காட்சியில் வேறு இசை கொஞ்சம் வரும், மற்றபடி மௌனம். முழு வேகத்தில் சுழலும் சீலிங் ஃபேனுக்குக் கீழே அந்த மௌனத்தைக் கேட்கவே முடியாது. நீங்கள் தொகுப்பில் முதலில் போட்ட படம் இதுவாக இருந்தால், தொடக்கமே சரியில்லாத இடத்தில் அமைந்துவிட்டது என்பேன். பிற்காலத்தில் பிலிப் கிளாஸ் இதற்கென்று அமைத்த இசை சில டிஸ்குகளில் தனித் தடமாக வருகிறது. அது நல்ல இசைதான், ஆனால் ஓயாமல் ஒலிக்கிறது. எனக்கு அந்தப் பழைய மௌனமே பிடிக்கிறது.

பிரதி ஒரு படத்தை எப்படிக் கொல்லும் என்பதை நம் ஊரில் கேசட் காலத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். இரவு வாடகைக்கு டெக்கும் கலர் டிவியும் எடுத்துக்கொண்டு போய் உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். பேய்ப் படம் எப்போதும் மூன்றாவதாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு. விஎச்எஸ் கேசட்டில் குறுக்குவாட்டுத் துல்லியம் ஏறத்தாழ 240 கோடுகள்தான். அதையும் ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்குப் பிரதி எடுக்க எடுக்க முதலில் சாவது இருட்டுப் பகுதி. கறுப்பு அங்கியும் கறுப்புச் சுவரும் ஒன்றாகக் கலந்து பழுப்புச் சேறாகிவிடும். ரீகல் டாக்கீஸில் ஆங்கிலப் படம் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர்கள், அதே படத்தைக் கேசட்டில் எடுத்துப்போய் மறுநாள் திருப்பித் தரும்போது, "என்னங்க, நாடகம் மாதிரி இருக்கு" என்பார்கள். நாடகத்தின் மேல் போர்த்தியிருந்த இருட்டு அந்தப் பிரதியில் இல்லை என்பதே அதன் பொருள். விசிடியில் நிலைமை மாறவில்லை. படத்தின் அளவே 352-க்கு 288 புள்ளிகள், இருட்டுப் பகுதிகள் சதுரம் சதுரமாக உடைந்து துடிக்கும். டிவிடியிலும் ஒரே டிஸ்கில் மூன்று, நான்கு படங்களைத் திணித்திருந்தால் அதே கதிதான். உங்கள் தொகுப்பு அப்படிப்பட்டதா என்று பாருங்கள்.

இனி டிவி. கடையில் கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக 'விவிட்', 'டைனமிக்' என்ற பெயர்களில் ஒரு நிலையை வைத்து விற்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அது அப்படியே கிடக்கிறது. அதை மாற்றி 'மூவி' அல்லது 'சினிமா' நிலையில் வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும்; ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டியிருப்பதால் மெனுவில் தேட வேண்டும், தேடி அணைத்துவிட வேண்டும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தில் இல்லாத பிரேம்களை டிவியே இட்டுக்கட்டும்போது, பிணவறைக் காட்சி மெகா சீரியல் போலாகிவிடும். ஷார்ப்னஸைக் குறையுங்கள். பிறகு பிரைட்னஸ். பழைய சதுரப் படத்தை இன்றைய அகல டிவியில் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டைதான் உங்கள் டிவியால் காட்ட முடிந்த முழுக் கறுப்பு. கறுப்பு உடை அணிந்த ஒருவர் இருட்டான சுவரோரம் நிற்கும் காட்சியில் படத்தை நிறுத்தி, உடையின் மடிப்பு தெரிகிற அளவுக்குப் பிரைட்னஸைக் கூட்டி, பக்கப் பட்டை வெளுக்கத் தொடங்கும் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை, நான் சொல்லும் எல்லாவற்றிலும் பலன் மிகுந்தது இதுதான். அந்தப் பட்டையை அடைப்பதற்காகப் படத்தை இழுத்து விரிக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஜாக் பியர்ஸ் மணிக்கணக்கில் உட்கார்ந்து போட்ட ஒப்பனையால், 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் தலை தட்டையாகவும் முகம் ஒடுங்கியும் இருக்க வேண்டும். இழுத்து விரித்தால் அந்தப் பூதம் பலகாரக் கடை முதலாளியைப் போலாகிவிடுகிறது. சிரிப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அறையைப் பொறுத்தவரை மதுரையில் ஒன்பது மணிக்கு முன்னால் தொடங்குவதில் பயனில்லை. ஜன்னலுக்குத் தடிமனான திரை, தெருவிளக்கு உள்ளே விழும் வென்டிலேட்டருக்கு ஓர் அட்டை, டிவிக்குப் பின்புறம் சுவரைப் பார்த்தபடி ஒரு சிறிய விளக்கு, இவ்வளவு போதும். முழு இருட்டு கண்ணுக்குச் சோர்வு தரும். பின்விளக்கு இருந்தால் கண்ணும் சோராது, திரையின் கறுப்பும் ஆழமாகத் தெரியும். ஆடி மாதத்தில் மௌனப் படம் பார்க்கத் திட்டமிடாதீர்கள். தெருக்கோடி அம்மன் கோவில் குழாய் ரேடியோவை எந்தக் காட்டேரியாலும் வெல்ல முடியாது.

எந்தப் பிரதி என்பது அடுத்தது. கூடுதல், குறைவு என்று பொதுவாகச் சொல்வதைவிட ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுகிறேன். ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931-ஆம் ஆண்டு 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில், ஏரிக்கரையில் ஒரு சிறுமி அந்தப் பூதத்துக்குப் பூ கொடுத்து விளையாடக் கூப்பிடுவாள். பூக்களைத் தண்ணீரில் போட்டால் மிதக்கின்றன. பூ தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நினைத்து அது அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, மூழ்கிவிட்டதைக் கண்டு கைகளை உதறியபடி தடுமாறி ஓடும். மறுவெளியீட்டில் தணிக்கைக்குப் பயந்து அந்தச் செயலை வெட்டினார்கள். வெட்டிய பிரதியில் பூதம் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி முடிந்து, அடுத்தாற்போல் தகப்பன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். இடையில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பவர் மனம் இதைவிடக் கொடியதைக் கற்பனை செய்துகொள்ளும். ஒன்றும் அறியாத ஓர் உயிரின் பேதைமை, இரண்டு துண்டு பிலிம் போனதால் வக்கிரமாக மாறிவிட்டது. 1980-களில் அந்தப் பகுதி மீட்டுச் சேர்க்கப்பட்டது. உங்கள் டிஸ்கில் அது இருக்கிறதா என்று பார்த்தாலே, கையில் இருப்பது எப்படிப்பட்ட பிரதி என்பது விளங்கிவிடும்.

ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 1922-ஆம் ஆண்டு 'நாஸ்ஃபெராட்டு'வுக்கு நேர்ந்தது வேறு வகைக் கொடுமை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதியில்லாமல் எடுத்தார்கள் என்று அவருடைய மனைவி வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பும் வாங்கினார். தப்பிப் பிழைத்த பிரதிகளிலிருந்து எடுத்ததைத்தான் நாம் பார்க்கிறோம். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்துவிட்டு, பிலிமுக்கு நீல வர்ணம் ஏற்றி இரவாக்குவது அக்கால வழக்கம். மலிவான டிஸ்குகளில் அந்த வர்ணம் இருக்காது. சூரிய ஒளி பட்டால் செத்துப்போகும் ஓர் இரத்தக்காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருக்கும், பார்ப்பவர் சிரிப்பார். போதாக்குறைக்கு, குறைந்த வேகத்தில் எடுத்த படத்தை நொடிக்கு 24 பிரேமில் ஓட்டியிருந்தால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். முர்னாவ் அறக்கட்டளை வர்ணத்தோடு மீட்டெடுத்த பிரதி சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும். ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிகிற பிரதி கிடைத்தால் தொடாதீர்கள். ஒரு கோச்சு வண்டி வெடுக் வெடுக்கென்று விரைவதும், காடு வெள்ளையாக மாறுவதும் மட்டும் முர்னாவே வேண்டுமென்று செய்தவை. நெகட்டிவையே அப்படியே காட்டியிருக்கிறார். அந்த இடத்தில் சிரிப்பு வந்தால் அது முர்னாவின் பொறுப்பு.

ஓடும் நேரத்தைப் பற்றி இன்னொன்று. 24 பிரேம் படத்தை நம் ஊர் டிவியின் 'பால்' (PAL) ஒளிபரப்பு முறைக்கு மாற்றும்போது 25 பிரேமில் ஓட்டுவார்கள். நான்கு விழுக்காடு விரைவாக முடியும், குரலும் சற்று மெலியும். 82 நிமிடப் படம் 79-க்கும் குறைவான நிமிடத்தில் முடிந்தால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அகலத்திரைப் படங்களில்தான் உண்மையான வெட்டு நடக்கிறது. ரோஜர் கோர்மன் 15 நாளில் எடுத்த 'ஹவுஸ் ஆஃப் அஷர்' (1960) சினிமாஸ்கோப் படம். திரையின் ஒரு கோடியில் நடிகர் வின்சென்ட் பிரைஸ், மறு கோடியில் விருந்தாளி, நடுவில் முழுக்க அந்தப் பாழடைந்த வீடு என்று அமைத்திருப்பார்கள். சதுர டிவிக்காக வெட்டிய பிரதியில் படத்தின் 40 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும், முதலில் போவது வீடு. வீடு போனால் இந்த வகைப் படத்தில் கதாநாயகனே போன மாதிரி.

இனிச் சந்தேகத்துக்கு இடமானவை. டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய, ஹாமர் என்ற பிரிட்டிஷ் பட நிறுவனத்தின் 1958-ஆம் ஆண்டு 'டிராகுலா' 2013-இல் பிரிட்டனில் புளூரேயாக வந்தபோது, டோக்கியோவில் கண்டெடுத்த ரீல்களிலிருந்து சில துண்டுகள் சேர்க்கப்பட்டிருந்தன. அதில் சண்டை இல்லை. ஆனால் நிறம் முன்னிருந்ததைவிட நீலம் பாய்ந்து இருந்தது. இதுதான் சரியான நிறம் என்றும், படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றும் ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். அக்காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரதிகள் நாளடைவில் நிறம் மங்கிச் சிவந்துவிடும் இயல்புள்ளவை என்பதால், ஒரு பழைய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இதுதான் அசல் என்று அடித்துச் சொல்வது கடினம். எனக்குச் சற்று வெதுவெதுப்பான நிறம் பிடிக்கும். அது ஒரு விருப்பம், சாட்சியம் ஆகாது. புதிய பிரதி எப்போதும் பழையதைவிட மேல் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பிலிமின் பொடிப்பொடியான துகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, முகங்களை மெழுகாக்கி வெளியிட்ட டிஸ்குகளும் உண்டு.

சிரிப்புக்கு வருகிறேன். நல்ல பிரதியைச் சரியான டிவியில் பார்த்தாலும் சில இடங்களில் சிரிப்பு வரத்தான் செய்யும், வர வேண்டும். 1931 'டிராகுலா'வின் கோட்டை நிலவறையில் ஆர்மடில்லோக்கள் ஊர்ந்து போகும். நம் அழுங்கைப் போல ஓடு போர்த்திய அந்தப் பிராணிகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. டிரான்சில்வேனியாவுக்கு எந்தக் கப்பலில் வந்தனவோ தெரியாது. அதே படத்தில் படுக்கையறை விளக்கொன்றில் ஒளியின் கண்கூச்சத்தைக் குறைக்கச் செருகிய அட்டைத் துண்டு அப்படியே தெரியும். இப்படி அறியாமல் நிகழ்வது ஒரு வகை. இதன் உச்சம் எட் வுட்டின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. லுகோசி 1956-இல் இறந்துவிட்டார். அவரைக் கொண்டு எடுத்திருந்த சில நிமிடக் காட்சிகளைப் படத்தில் நுழைத்து, மீதிக்குத் தன் மனைவியின் முதுகு வைத்தியரை அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கவிட்டார் இயக்குநர். ஆள் உயரமும் பொருந்தவில்லை, தலையும் பொருந்தவில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் ஓர் அலட்சியமான பிரேம்கூட இல்லை. கையில் காசில்லாத ஒருவர் உயிரைக் கொடுத்து எடுத்திருக்கிறார் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. அந்தச் சிரிப்பில் ஏளனம் குறைவு, வாஞ்சை அதிகம்.

மற்றொரு வகை, தெரிந்தே செய்வது. வில்லியம் காஸ்டில் 1959-இல் 'தி டிங்லர்' படத்துக்காகத் திரையரங்கின் சில இருக்கைகளுக்கு அடியில் அதிரும் மோட்டார்களைப் பொருத்தினார். 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' படத்துக்கு, கம்பியில் கட்டிய எலும்புக்கூட்டைப் பார்வையாளர் தலைக்கு மேல் ஓடவிட்டார். டிஸ்கில் இதெல்லாம் வராது என்பதால் வீட்டில் அந்தப் படங்கள் பாதிப் படங்களே. கொடிக்கயிறும் ஒரு பொம்மையும் இருந்தால் பிள்ளைகளைக் கொண்டு மீதிப் பாதியைச் செய்துகொள்ளலாம். 1971-இல் வந்த 'டாக்டர் ஃபைப்ஸ்' வேறு ரகம். அதில் வின்சென்ட் பிரைஸ் வாயைத் திறக்காமல் கழுத்தில் ஒரு வயரைச் செருகி கிராமபோன் வழியாகப் பேசுவார், பைபிளில் எகிப்துக்கு வந்த வாதைகளை மாதிரியாகக் கொண்டு ஒவ்வொருவராகக் கொல்வார். இது கொலைப் படமா, கல்யாண வீட்டு அலங்காரமா என்று குழம்புகிற அளவுக்கு ஜோடனை. இங்கே நடிகர் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார். சேர்ந்து சிரிக்காதவர்தான் படத்தைத் தவறாகப் பார்க்கிறார்.

இரண்டும் கலந்து, கூடவே மனத்தையும் பிசைகிற படம் ஒன்று உண்டென்றால் அது ஜேம்ஸ் வேலின் 'பிரைட் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்' (1935). ஊரே துரத்தியடித்த பூதம் காட்டில் கண்ணில்லாத ஒரு கிழவரின் குடிசைக்கு வந்து சேரும். அவருக்கு வந்திருப்பது யார் என்று தெரியாது. ரொட்டி கொடுப்பார், பேசக் கற்றுக்கொடுப்பார், சுருட்டும் கொடுப்பார். நெருப்பைக் கண்டு அலறுகிற பூதம், புகையை இழுத்துவிட்டு, சம்பந்தி வீட்டு விருந்தில் உட்கார்ந்திருப்பவரைப் போலச் சாய்ந்துகொள்ளும். சிரிப்பு வரும். அதற்கு முந்தைய காட்சியில்தான், தனக்கு ஒரு துணை கிடைத்ததற்காகக் கிழவர் கடவுளுக்கு நன்றி சொல்லி அழ, பூதத்தின் கண்ணிலிருந்தும் நீர் வழிய, காட்சி இருளும்போது சுவரிலிருந்த சிலுவை மட்டும் ஒளிவிட்டபடி கடைசியாக மறைந்திருக்கும். வேல் அழவைத்த கையோடு சிரிக்கவும் வைத்துவிடுகிறார். அந்தச் சிலுவை மறைவது எல்லாம் இருட்டுக்குள் நடக்கிற ஒளி விளையாட்டு. விசிடியில் அது ஒரு வெள்ளைப் புள்ளி. தொகுப்பில் இந்தப் படம் இருந்தால் இதில் தொடங்குங்கள். 75 நிமிடம்தான்.

இதற்கு அடுத்ததாக ஹாமர் 'டிராகுலா'வைப் போடச் சொல்வேன். மைத்துனரையும் கூப்பிடுங்கள். மாடிப்படியின் உச்சியில் கறுப்பு உருவமாக, டிராகுலாவாக நடிக்கும் கிறிஸ்டோபர் லீ தோன்றுவார், ஜேம்ஸ் பெர்னார்டின் இசை முழங்கும், இதோ சிரிக்கப்போகிறோம் என்று நீங்கள் தயாராவீர்கள். அவர் விறுவிறுவென்று இறங்கி வந்து, மிக மரியாதையாக விருந்தாளியை வரவேற்றுப் பெட்டியையும் தூக்கிக்கொள்வார். தயாராக வைத்திருந்த சிரிப்புக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விடும். தொடக்கக் காட்சிகளுக்குப் பிறகு படம் முடியும்வரை லீ ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார் என்பதையும் கவனியுங்கள். மூன்றாவதாக அஷர். 'நாஸ்ஃபெராட்டு'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மௌனப் படத்துக்குக் கண் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

நம்மவர்களுக்கு இந்த உலகம் அந்நியமானது என்று எண்ண வேண்டியதில்லை. காரைக்குடிப் பக்கம் ஆண்டுக்குச் சில நாள் மட்டும் திறக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, பூட்டிய அறை என்றால் என்னவென்று வெளிநாட்டுக்காரர் வந்து சொல்லித்தர வேண்டாம். ஒரு பெரிய வீடு, அதற்குள் முன்னோர் செய்த ஒரு பாவம், அது தலைமுறை தாண்டியும் விடாமல் துரத்துவது என்பதே கோதிக் கதையின் எலும்பு. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) அப்படியே இந்த எலும்பின் மேல் நிற்கிறது. ஜமீன் வீடு, முற்பிறவி, வயது கடந்தும் பகை ஆறாத ஜமீன்தாராக எம்.என்.நம்பியார், ஏ.வின்சென்ட்டின் ஒளிப்பதிவு. அதே வின்சென்ட் மறுஆண்டே மலையாளத்தில் பஷீரின் கதையைக் கொண்டு 'பார்கவி நிலையம்' இயக்கினார். இன்னும் பின்னால் போனால், 1949-இல் இந்தியில் வந்த 'மஹல்' படத்தின் ஒளிப்பதிவாளர் ஜோசஃப் விர்ஷிங், ஜெர்மனியில் தொழில் கற்றுப் பம்பாய்க்கு வந்தவர். கலிகாரியின் நாட்டு இருட்டு அவர் கைவழியாகப் பம்பாய்க்கும் வந்து சேர்ந்தது. மிகையை ரசிக்கிற மனநிலையில் இருக்கும் இரவில் விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யைப் (1978) போடுங்கள். விறகுக்குப் பதில் காலை அடுப்பில் நீட்டிச் சமைக்கிற பேயைவிடப் பெரிய கற்பனை எந்த நாட்டுப் படத்திலும் எனக்குத் தென்படவில்லை. ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' (1984) இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வர்ண விளக்கும் புகையும் அமைத்ததில் ஹாமர் நிறுவனத்துக்கு அவர்கள் சளைத்தவர்கள் அல்லர். வருத்தம் என்னவென்றால் நம் படங்களுக்குத்தான் நல்ல டிஸ்க் கிடைப்பதில்லை. மூலையில் கம்பெனி முத்திரையும் கீழே ஓடும் எழுத்துகளுமாக வந்தவற்றைத்தான் பெரும்பாலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாங்குவதைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தின் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையோடு காப்புரிமை வாசகமும் விடுபட்டுப்போனதால், அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றாகிவிட்டது. அதனால் சந்தையில் அதற்குக் கணக்கற்ற மோசமான பிரதிகள். 2016-இல் முடிந்த மறுசீரமைப்பிலிருந்து எடுத்த டிஸ்க் என்று உறையில் எழுதியிருந்தால் மட்டும் காசு கொடுங்கள். டிஸ்குகளை இன்ன பகுதியின் பிளேயரில்தான் ஓடும் என்று 'ரீஜன்' வாரியாகப் பூட்டி விற்கிறார்கள். டிவிடியில் நம் நாடு ரீஜன் 5, புளூரேயில் சி. நல்ல மறுசீரமைப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவின் ஏ, பிரிட்டனின் பி என்ற பூட்டோடு வருகின்றன. ஆகவே டிஸ்குக்கு முன்னால் பிளேயரை முடிவு செய்யுங்கள். கடையில் 'ஆல் ரீஜன்' என்று சொல்லி விற்பது பல நேரங்களில் டிவிடிக்கு மட்டுமே பொருந்தும். புளூரேக்கும் உண்டா என்று தனியாகக் கேட்டு, வெளிநாட்டு டிஸ்க் ஒன்றைக் கடையிலேயே போட்டு, மெனுவோடு நின்றுவிடாமல் படம் ஓடுவதைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.